மாக் லோங் வீட்டு மருமகன்

அன்று காலை நான் ஒரு முடிவு எடுத்தேன். என் அறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இதை வெளியே சொல்லவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். கண்ணாடியில் இருந்தவர் அவ்வளவாக நம்பிய மாதிரி தெரியவில்லை.

என் அறை என்பது எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் பின்னறை. மகள் எவலின் கல்யாணமாகிப் பெர்த்துக்குப் போனதும் காலியானது. என் குறட்டை தாங்காமல் மனைவி செசிலியா என்னை அங்கே அனுப்பினாள். தண்டனையாகத்தான் அனுப்பினாள். போன பிறகுதான் தெரிந்தது, அது சொர்க்கம் என்று. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். சில வீடுகளில் ஜெபத்துக்கு ஓர் அறை வைத்திருப்பார்கள். நான் கவலைக்கு வைத்திருந்தேன்.

போர்ட் கிள்ளான் கப்பல் கம்பெனி எனக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டது. ஐம்பத்தாறு வயது மனிதனுக்கு ஒரு வேலை வேண்டாமா? காலையில் பசியாறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவேன். என் இரத்த அழுத்தம். மேல் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உடைந்தால் யார் வீட்டுக்குள் முதலில் தண்ணீர் வரும்? நான் முதலில் போய்விட்டால் செசிலியா என்ன செய்வாள்? செசிலியா முதலில் போய்விட்டால் நான் எங்கே சாப்பிடுவேன்? ஒவ்வொன்றாக எடுத்து, அவசரப்படாமல் கவலைப்படுவேன். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருவேன்.

இந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் தங்கமணி. செசிலியாவோடு பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள். இப்போது சுபாங் ஜெயாவில் இருக்கிறாள். தன் மகனுடைய அறையை வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விடுகிறாளாம். ஜெர்மனியிலிருந்து ஒரு ஜோடி வந்து, இட்லி ஊற்றக் கற்றுக்கொண்டு, போகும்போது அழுதார்களாம். இதைக் கேட்ட நாளிலிருந்து செசிலியா பின்னறையை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தாள். ஆட்டுக்கடாவைக் கசாப்புக் கடைக்காரர் பார்ப்பதுபோல.

"நம்ம வீடு கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு" என்றாள் ஒருநாள். "பெட்டிய இழுத்துக்கிட்டு ஆளுங்க தெருவுல அலையறாங்க. பின்னறை சும்மாத்தானே கெடக்கு?"

"சும்மா கெடக்கலியே. நான் இருக்கேனே."

"அததாங்க சொல்றேன்."

செசிலியாவை நேருக்கு நேர் எதிர்த்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் கோயில் பாடற்குழுவை நடத்தியவர். கிறிஸ்துமஸுக்கு என்ன நிறச் சேலை என்பதில் வாய் கொடுத்தார். அவர் இப்போது செமினியில் குடியிருக்கிறார். எனக்கு அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை. அதனால் வேறு வழி யோசித்தேன். அறை அதற்குத்தானே இருக்கிறது.

யோசித்து யோசித்து ஒரு திட்டம் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் போய்த் தங்குவது எவ்வளவு பெரிய தொல்லை என்று செசிலியாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தானே விட்டுவிடுவாள். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவளை ஒரு ஹோம்ஸ்டேக்கு அழைத்துப் போவேன். நல்ல ஹோம்ஸ்டேக்கு அல்ல. மோசமான ஒன்றுக்கு.

பகாங் ஆற்றங்கரையில் தஞ்சோங் லாலாங் என்று ஒரு மலாய்க் கிராமம், கம்பம் என்பார்கள். காரை இக்கரையில் விட்டுவிட்டுப் படகில் அக்கரைக்குப் போக வேண்டும். அங்கே ஹோட்டல் கிடையாது. கம்பத்துக் குடும்பங்களே ஆளுக்கொரு வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைக்கின்றன. யார் எந்த வீட்டுக்கு என்பதை முடிவு செய்கிறவள் ருமானா என்ற பெண். செசிலியா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் செய்தேன். என் மலாய் கப்பல் கம்பெனி மலாய். கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

ஏர்கோன் இல்லாத வீடு வேண்டும் என்றேன். மெத்தை வேண்டாம், பாய் போதும். குளியலறை வீட்டுக்கு வெளியே, முடிந்தால் தூரத்தில். சேவல் இருந்தால் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். பிறகு, உங்களோடு வருவது யார் என்று கேட்டாள். மனைவி என்றேன். மனைவியா என்று திருப்பிக் கேட்டாள். என் மனைவிக்கு இயற்கை என்றால் உயிர் என்று விளக்கினேன். விளக்கிய பிறகு போனை வைத்துவிட்டு, நான் ஏன் இப்படிப்பட்டவனாக ஆனேன் என்று மாலைவரை யோசித்தேன்.

செசிலியாவிடம் சொன்னபோது அவள் உடனே சரி என்றாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் உடனே சரி என்றதில்லை. அவள் ஒரு பையில் துணி வைத்தாள். நான் மூன்று பையில் மருந்து வைத்தேன். ஆற்றில் முதலை உண்டா? படகு கவிழ்ந்தால் யார் முதலில் மிதப்பது? இதெல்லாம் அவளுக்கு வர வேண்டிய கவலை. ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. அத்தனையும் எனக்கே வந்தது.

படகு அக்கரையை அடைந்தது. துறையில் ஒரு பெண் தலையில் தூடோங் முக்காடு அணிந்து நின்றிருந்தாள். சிரித்தாள்.

"வாங்கண்ணே. வழி கண்டுபிடிக்க சிரமமா இருந்துச்சா? நான்தான் ருமானா."

சுத்தமான தமிழ். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணாம். இந்தக் கம்பத்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவள். நான் போனில் அவ்வளவு பாடுபட்டு மலாய் பேசியதை ரசித்துக் கேட்டிருக்கிறாள். பெட்டிகளை இறக்க நான் குனிந்த நேரத்தில், அவள் செசிலியாவைத் தென்னைமரத்துப் பக்கம் அழைத்துப் போய் ஏதோ பேசினாள். கழிவறை எங்கே என்று காட்டுகிறாள்போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொதுமண்டபத்தில் வரவேற்பு நடந்தது. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. விருந்தாளியை விருந்தாளி என்று சொல்ல மாட்டார்கள். வளர்ப்புப் பிள்ளை என்பார்கள். பெயரை அழைத்ததும் அந்தந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து, கையைப் பிடித்து, தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு அழைத்துப் போவார். செசிலியாவின் பெயரை அழைத்தார்கள். மாக் லோங் என்று எல்லோரும் அழைக்கும் ஒரு பெரியம்மா எழுந்து வந்து, செசிலியாவின் இரண்டு கன்னத்தையும் முகர்ந்து, இவள் என் மகள் என்றார். நான் என் பெயருக்காகக் காத்திருந்தேன். அழைக்கவில்லை. ருமானா என் பக்கம் வந்தாள்.

"அக்கா அவங்களுக்கு மக, அண்ணே. அப்ப நீங்க யாரு? மருமகன்."

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

மருமகன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? கிள்ளானில் என் மாமியார் வீட்டில் விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலி மாமனாருடையது. நான் மாப்பிள்ளையான அன்றே அது என்னுடையதானது. பாவம், அந்த மனிதர் சாகும்வரை கதவோரம் உட்கார்ந்து வியர்த்தார். நண்டின் பெரிய கால் என் தட்டுக்குத்தான் வரும். கை கழுவத் தண்ணீர் தேடி வரும். ஒரு டம்ளரை எடுத்து நகர்த்தி வைத்தால்கூட வீடே பதறும். நான் உண்மையில் மதிக்கப்பட்ட வீடு அது ஒன்றுதான்.

ஆனால் உடனே கவலையும் வந்தது. என்னைத் தாங்கினால் என்னோடு சேர்த்து அவளையும் தாங்குவார்களே. செசிலியா கஷ்டப்படாவிட்டால் என் அறை என்ன ஆவது? எனக்கு நண்டு வேண்டுமா, அறை வேண்டுமா? மாக் லோங் வீடுவரை இந்தக் கேள்வியோடு நடந்தேன்.

வீட்டில் எங்களுக்கு மெத்தை ஒன்றுதான் இருந்தது. அது செசிலியாவுக்கு. மாக் லோங்கோடு உள்ளறையில். எனக்கு முன்னறையில் பாய், ஜன்னலுக்குப் பக்கத்தில். ஜன்னலுக்கு வெளியே ஒரு கூடை. கூடைக்குள் சேவல். என் குறட்டையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

காலையில் பாத்தின் மீன் குழம்பு வாசனை வந்தது. மருமகனுக்கு வேண்டிய தோரணையோடு போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பாக் லோங் வந்தார். மாக் லோங்கின் கணவர். முழங்கால் வலியால் கோலூன்றி நடப்பவர். அவர் என் மடியில் ஒரு பழைய சட்டையையும் ஒரு தேங்காயையும் வைத்தார்.

ருமானா வந்து விளக்கினாள். பக்கத்து வீட்டில் அடுத்த நாள் கல்யாணம். கம்பத்தில் கல்யாணச் சமையல் ஊர் ஆண்களின் வேலை. வீட்டுக்கு ஓர் ஆண் போக வேண்டும். மாக் லோங்குக்கு மகன் இல்லை. பாக் லோங்கால் நிற்க முடியாது. எத்தனையோ கல்யாணங்களாக இந்த வீட்டிலிருந்து மட்டும் ஆள் போகவில்லை.

"மக அம்மா வீட்டுக்கு வந்தா அவ ரெஸ்ட் எடுப்பா. மருமகன் வந்தா வீட்டுக்கு ஒரு ஆம்பள வந்த மாதிரிண்ணே. பாக் லோங் மொகத்தப் பாருங்க."

பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. அந்த மனிதர் காலையிலேயே தொப்பி போட்டுக்கொண்டு, என்னைக் கூட்டிப்போய்க் காட்டத் தயாராக நின்றார். நான் விருந்தாளி, எனக்கு முதுகு வலி, எங்கள் ஊரில் முறையே வேறு என்றெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டிருந்தோம்.

அந்தக் கல்யாண வீட்டுக்குப் பின்னால் மலை மாதிரித் தேங்காய் குவித்திருந்தார்கள். மாக் லோங் வீட்டு மருமகன் என்று பாக் லோங் என்னை ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒவ்வொருவரும் கையைக் குலுக்கி, ஒரு தேங்காயைக் கொடுத்தார்கள். குதிரைமேல் உட்காருவதுபோலத் துருவுபலகையில் உட்கார்ந்து துருவினேன். துருவி முடித்ததும் துடுப்பு அளவு ஒரு கரண்டியைக் கொடுத்து, கிணற்றின் வாய் அளவு ஒரு கடாயைக் காட்டினார்கள். நிறுத்தாமல் கிண்ட வேண்டுமாம். கிண்டினேன். நிறுத்தினால் அடிப்பிடிக்கும், அடிப்பிடித்தால் மாக் லோங் குடும்பத்துக்கு அவமானம் என்ற கவலை என் கையை ஓட்டியது. பிறகு பானைகளை ஆற்றுக்குத் தூக்கிப்போய்த் தேய்த்தேன். கொசுக்களுக்கும் நான்தான் மருமகன்.

ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் மாக் லோங் வீடு தெரியும். செசிலியா முன்வராந்தாவில் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மாக் லோங் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாழைப்பழப் பலகாரம். மாலையில் பெண்களோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். தூரத்துக் குளியலறையைப் பற்றி நான் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தேன். அவள் ஒருமுறைகூட அங்கே குளிக்கவில்லை. அங்கே தண்ணீர் சுமந்து நிரப்பியது நான். நிரப்பிய தண்ணீரில் குளித்ததும் நான்.

அன்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கடாயைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று ஒன்று உறைத்தது. கரண்டி கைக்கு வந்ததிலிருந்து நான் அந்தக் கடாயைத் தவிர வேறு எதைப் பற்றியும் கவலைப்படவில்லை. இரத்த அழுத்தம் இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, யார் முதலில் போவது என்ற கேள்வியும் இல்லை. எனக்கு என்ன ஆயிற்று? மூளையில் ஏதாவது கோளாறா? அதை நினைத்துக் கவலைப்பட ஆரம்பித்த பிறகுதான் நிம்மதி வந்தது.

கல்யாணம் முடிந்து புறப்பட்டோம். மாக் லோங் அழுதார். செசிலியா அழுதாள். பாக் லோங் என் முதுகில் தட்டினார். வலித்த இடத்திலேயே தட்டினார். படகில் ஏறியதும் என் முகத்தில் நிறைய பரிவை வரவழைத்துக்கொண்டேன்.

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா, செசிலி?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். "கஷ்டந்தாங்க" என்றாள்.

காரில் ஏறிய பிறகு அவளே பேசினாள். வெளி ஆட்களை வீட்டில் வைத்துப் பார்ப்பது சாதாரண வேலை இல்லை என்றாள். மாக் லோங் விடியுமுன்னே எழுந்து எவ்வளவு செய்கிறார், தன்னால் தனியாக அவ்வளவு முடியாது என்றாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு அந்தக் கடாயிலும் பட்டதில்லை. என் அறை. என் நாற்காலி. என் ஜன்னல்.

காராக் சுங்கச்சாவடி தாண்டியதும் அவள் மெதுவாகச் சொன்னாள். "எவலின் போனதுலேருந்து நம்ம வீட்டுக் கதவ யாரும் தட்டலங்க. நீங்களும் உள்ள போயி சாத்திக்கிறீங்க."

 இதை வீட்டுக்குப் போய் என் அறையில் உட்கார்ந்து யோசிக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் பசியாறிவிட்டு அறைக்குப் போனால், உள்ளே செசிலியா அளவு நாடாவோடு ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள். புதுத் திரைச்சீலைக்காம்.

"முடியாதுன்னு சொன்னியே?"

"தனியா முடியாதுன்னு சொன்னேன். நீங்கதான் இருக்கீங்களே."

எனக்கு இந்த வேலையெல்லாம் ஒன்றும் தெரியாது என்றேன். அவள் போனை எடுத்துக் காட்டினாள். ருமானா அனுப்பிய வீடியோக்கள். நான் தேங்காய் துருவுகிறேன். நான் கடாயைக் கிண்டுகிறேன். நான் பானை தேய்க்கிறேன். பின்னணியில் பாக் லோங் பெருமையாக நிற்கிறார். பெர்த்திலிருந்து எவலின், அப்பாவா இது என்று கேட்டிருந்தாள். என் மருமகனும் கேட்டிருந்தான்.

"மொத நாளே படகுத்துறையில ருமானா என்னைய ஓரமா கூப்பிட்டா" என்றாள் செசிலியா, நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "அக்கா, அண்ணனுக்கு ஒங்க மேல ஏதும் கோவமான்னு கேட்டா. பாய் கேட்டாராம், சேவல் கேட்டாராம், தூரமா பாத்ரூம் கேட்டாராம்."

நான் சுவரில் இல்லாத ஒரு கறையைத் துடைத்தேன். 

"கோவமெல்லாம் இல்லம்மான்னேன். அவருக்குத்தான் கஷ்டப்பட ஆச. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எம் பேரச் சொல்லியிருக்காரு. அதனால கஷ்டம் எது இருந்தாலும் அவருக்கே குடுத்துருங்கன்னேன்."

அதற்குப் பிறகு எதிர்ப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அறைக்கு நானே சாயம் அடித்தேன். தரையை நானே தேய்த்தேன். நன்றாகவே தேய்த்தேன் என்று தங்கமணி வந்து பார்த்துச் சொன்னாள். என் நாற்காலி துணி காயப்போடும் இடத்துக்குப் போனது. நான் ஹாலில் சோபாவுக்கு வந்தேன்.

முதலில் வந்தது நியூசிலாந்துக் கணவன் மனைவி. நல்லவர்கள். அதுதான் எனக்குக் கவலை. அவ்வளவு நல்லவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள்? விசிறியை ஐந்தில் வைத்தால் அது ஆடும், அவர்களுக்குத் தெரியுமா? ஜன்னல் கொக்கியை மெதுவாகத் தூக்க வேண்டும், தூக்குவார்களா? சும்மா அந்தப் பக்கம் போனவன்போலக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு இன்னும் கொஞ்ச நேரம்.

இரண்டாம் நாள் செசிலியா என்னைச் சமையலறைக்கு அழைத்தாள். குரலில் கோபம் இல்லை. அது நல்லதல்ல.

"கதவுக்கு வெளிய மூச்சு விடறது யாருன்னு அந்தம்மா கேக்கறாங்க."

அவர்களுடைய நல்லதற்குத்தான் நிற்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். மாக் லோங் போன் செய்தார்களாம். கம்பத்தில் மூன்றாவது வீட்டில் நிச்சயதார்த்தமாம். மருமகன் எப்போது வருவார் என்று பாக் லோங் தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். பேசிக்கொண்டே ஒரு பஸ் டிக்கெட்டை என் சட்டைப் பையில் வைத்தாள். கம்பத்துப் பக்கம் போகும் தெமர்லோ பஸ். காலை முதல் வண்டி.

நான் அதை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தேன்.

"திரும்பி வர்ற டிக்கெட்?"

"எடுக்கலீங்க" என்றாள் செசிலியா. "உள்ள தங்கியிருக்கறவங்க எப்ப கெளம்புவாங்கன்னு இன்னும் சொல்லல."